யாருடைய உடலுக்குச் செய்த இருக்கை?

டிராக்டர் ஓட்டுகிறவரின் உடம்பில் எந்த உறுப்புக்கு என்ன வேலை என்று பிரித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும். இடது காலுக்குக் கிளச். வலது காலுக்கு இரண்டு பிரேக்குகள்; சாலையில் இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாக மிதிப்பார்கள், கழனியில் கொக்கியை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டிய பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். இடது கை ஸ்டியரிங்கை விடுவதில்லை. வலது கை கியருக்கும் ஹைட்ராலிக் லிவருக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். ரொட்டவேட்டர் எந்த ஆழத்தில் போகிறது, கலப்பையில் குப்பை சிக்கியிருக்கிறதா என்று பார்க்கக் கழுத்தும் இடுப்பும் ஓயாமல் பின்னால் திரும்பும். பின் அச்சிலிருந்து மேலே வரும் குலுக்கலை நாள் முழுக்க வாங்கிக்கொள்வது முதுகெலும்பு. இத்தனையும் நடப்பதற்கு உடலை ஒரு நிலையில் பிடித்து வைத்திருப்பது இருக்கை. ஒரு கால் இல்லாதவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர், ஒரு கை மட்டும் இயங்குகிறவர் அதே வண்டியில் ஏறினால் இவற்றில் ஒன்றிரண்டு வேலைகளுக்கு ஆள் இல்லாமல் போகும். அந்த வேலையை வேறு உறுப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா? முடியும். ஆனால் இருக்கையைத் தொடாமல் முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தை முன்வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 1993-ல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து, 2019-ல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி, செஞ்சி, வானூர், மரக்காணம் பக்கமெல்லாம் ஏரிப் பாசனக் கழனியும் மானாவாரிக் கொல்லையும் கலந்தே கிடக்கின்றன. நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை என்கிற நிலக்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. மல்லாட்டை ரகங்கள் பல மாநிலங்களில் விதைக்கப்பட்டவை. இந்த மண்ணில் இன்று சேடை ஓட்டுவதிலிருந்து கதிர் அறுப்பது வரை எந்திரம்தான். முன்பு காலில் குறையுள்ள ஒருவருக்குக் களத்திலும் கொட்டகையிலும் உட்கார்ந்து செய்ய ஏதாவது வேலை இருக்கும். அந்த வேலைகளையும் எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. எந்திரத்தில் உட்கார முடியாத உழவர், சொந்தக் கழனி இருந்தும் வேலை இல்லாதவர் ஆகிறார்.

உடற்குறை வந்த வழிகளும் இங்கே பல. முதலில் போலியோ. இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் சில பத்தாண்டுகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று முப்பத்தைந்து முதல் அறுபது வயதில் இருக்கும் உழவர்கள். அடுத்தது, மாவட்டத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. பிறகு மரமும் கிணறும்: பனை ஏறுகிறவர்கள் இருக்கும் ஊர்களில் விழுந்து முதுகுத்தண்டு முறிவது எப்போதும் உள்ள ஆபத்து. கதிரடிக்கும் எந்திரம் பறித்த கைகள் உண்டு. நாடு முழுவதும் அது நடந்ததால்தான் 1983-ல் அபாயகரமான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சர்க்கரை நோயில் புண்ணாகி விரலோ பாதமோ எடுக்கப்பட்டவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொழுநோயின் தழும்பும் இந்த வட்டாரத்துக்குப் பழையது. திண்டிவனத்துக்கு வடக்கே பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ் 1955-ல் தொழுநோய் மையம் தொடங்கியது சும்மா இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் அரசாங்கக் காகிதத்தில் ஒரே பெயர். இருக்கையைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போலியோவில் தசை போகும், உணர்ச்சி போகாது. சுடுகிறது, அழுத்துகிறது, மரத்துப்போகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கப் புட்டத்துச் சதை வற்றியிருப்பதால் தட்டையான இருக்கையில் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த இடுப்பின் மேல் முதுகு வளைந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் முதுகுவலி வருவது கால் பலவீனத்தால் இல்லை, இந்தச் சாய்வால். அவருக்கு வேண்டியது மெத்தை இல்லை. வற்றிய பக்கத்தில் ஆப்பு வடிவில் கெட்டி ஃபோம் வைத்து இடுப்பை மட்டத்துக்குக் கொண்டுவருவது. செலவு மிகக் குறைவு. இதைச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர் செயற்கைக் காலோடு சாதாரண இருக்கையிலேயே உட்காரலாம். 1968-ல் உருவான ஜெய்ப்பூர் கால், செருப்பில்லாமல் நடக்கவும், ஈர மண்ணில் இறங்கவும், குத்துக்காலிட்டு உட்காரவும் இடம் கொடுத்ததால் உழவர்களிடம் வேரூன்றியது. ஆனால் மிதியின் மேல் கால் பட்டதா, எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது சாதாரணச் செயற்கைக் காலில் சரியாகத் தெரியாது. சேறு பூசிய ரப்பர் பாதம் வழுக்கவும் செய்யும். முழங்காலுக்கு மேலே எடுத்தவருக்கு வேறொரு தொல்லை. தொடையை உள்ளே வாங்கும் குழியின் விளிம்பு இருக்கையின் ஓரத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த விளிம்பு இடுப்பெலும்பின் அடியில் குத்தும். இருக்கையின் முன்விளிம்பை அந்தப் பக்கம் மட்டும் வெட்டித் தாழ்த்தினால் வலி குறையும். கம்பெனி இருக்கை எதிலும் இந்த வெட்டு கிடையாது.

முதுகுத்தண்டு முறிந்தவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு இருக்கை உயிர்ப் பிரச்சினை. புட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தோல், ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகும். வலி தெரியாததால் புண் பெரிதாகி நாற்றம் வரும்போதுதான் வீட்டில் கண்டுபிடிப்பார்கள். அழுத்தப் புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். ரத்தத்தில் கிருமி கலந்து இறப்பவர்கள் உண்டு. நெஞ்சளவுக்கு மேலே முறிவு உள்ளவர்களுக்கு உடலின் பெரும்பகுதி வியர்க்காது. ஆகவே சித்திரை வெயிலில் உடற்சூடு கட்டுப்பாடு இல்லாமல் ஏறும். கறுப்பு ரெக்சின் போட்ட இருக்கை இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றால் தோலைச் சுடும், உட்கார்ந்தவருக்கோ அது தெரியாது. குலுக்கல் பட்டால் கால்கள் தானாக இழுத்துக்கொள்ளும்; இழுத்த கால் கிளச்சுக்கு அடியில் போய் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் பாதம் உணர்ச்சி இழந்தவர்களுக்குச் சூடான கியர்பாக்ஸ் மூடியில் வெறுங்கால் பட்டுக் கொப்புளம் வருவது இதே வகை.

இனி இருக்கையைப் பார்ப்போம். பத்து வருடம் ஓடிய எந்த டிராக்டரிலும் அது எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ரெக்சின் கிழிந்து ஃபோம் மழையில் ஊறிக் கரைந்திருக்கும். அதன் மேல் மடித்துப் போட்ட கோணிப்பை. முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தில் மண் ஏறி இறுகி, கடைசியாக எந்த ஓட்டுநர் எங்கே விட்டாரோ அங்கேயே நிற்கும். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்கும். துருப்பிடித்த அந்தத் திருகு எதற்கு என்று ஓட்டுநரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. டயரும் இந்த இருக்கை ஸ்பிரிங்கும்தான் குலுக்கலை வாங்க வேண்டும். டயர்மேல் குதிக்கும் டிராக்டரின் இயல்பான அதிர்வு நொடிக்கு மூன்று முதல் ஐந்து முறை. உட்கார்ந்த மனிதனின் முதுகெலும்பு அதிகமாக ஆடுவதும் ஏறக்குறைய அதே வேகத்தில். அதனால்தான் நல்ல உடம்புள்ள ஓட்டுநர்களுக்கே நாற்பது வயதில் இடுப்பு விட்டுப்போகிறது. திருகு துருப்பிடித்த இருக்கை குறையுள்ளவர், இல்லாதவர் இருவரையும் சேர்த்தே கெடுக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு நல்ல இருக்கை செய்து கொடுத்தால் அந்த வண்டியை ஓட்டும் எல்லோருக்கும் நன்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு மருத்துவமனைகளில் காற்றறை மெத்தை தருவார்கள். சக்கர நாற்காலிக்கு அது அருமையான பொருள். அதையே எடுத்து டிராக்டர் இருக்கையின் மேல் போட்டால் மூன்று கோளாறு வரும். உட்காரும் மட்டம் உயர்ந்து தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். காற்றின் மேல் உட்கார்ந்தவர் பக்கவாட்டில் உருளுவார். வயிற்றுத் தசை இல்லாதவருக்குப் பிடிமானம் இருக்காது. மூன்றாவது நம் ஊர்க் கருவேல முள். எனவே பழைய இருக்கையைக் கழற்றி, மெத்தையின் கனத்துக்கு ஏற்ப அடித்தட்டைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடிக்கும் அணைகள் வைத்து, வார்ப்படமாக வெட்டிய கெட்டி ஃபோமைப் போட்டு, மேலே வெளிர்நிறத் துணியுறை மாட்டுவது மேல். அதோடு இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி வேண்டும். அழுத்தப் புண் வராமலிருக்கப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்கு ஒரு முறை உடலைக் கையால் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள் மருத்துவர்கள். கழனியில் அதற்கு இயற்கையாகவே ஒரு நேரம் இருக்கிறது: வரப்பு முனை. திரும்புவதற்கு முன் வண்டியை நிறுத்தி, கைப்பிடியை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பிறகு திரும்பலாம். கைப்பிடி இல்லாத இருக்கையில் இது நடக்காது. மட்கார்டைப் பிடித்து எழும்பப் போனால் கை டயரில் படும்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு உள்ள கதை இது. அதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து அரை மீட்டர். டிராக்டரின் இருக்கை ஒரு மீட்டர் அளவில். நடுவில் ஒற்றைப் படி, கிளச் மிதி, மட்கார்டு. கியர் தண்டு நடுவில் நிற்கும் பழைய மாடலில் கால்களை அதைத் தாண்டித் தூக்கிப்போட வேண்டும். கியர் பக்கவாட்டில் உள்ள, தளம் தட்டையான மாடலில் சறுக்கிக்கொண்டு நகர முடியும். டிராக்டர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, இதை.

அமெரிக்காவில் இதற்கு மின்தூக்கி வைக்கிறார்கள். இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொடங்கிய 'பிரேக்கிங் நியூ கிரவுண்ட்' என்ற மையம் உடற்குறை உள்ள உழவர்களுக்கு எந்திரத்தை மாற்றிக் கொடுப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அதை அடியொற்றி 1990-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் கீழ் 'அக்ரபிலிட்டி' என்ற தேசியத் திட்டம் வந்து, 1991 முதல் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வீடு தேடிப் போய் ஆலோசனை சொல்கின்றன. பேட்டரியில் ஓடும் தூக்கி, கையால் இயக்கும் கிளச், சுழலும் இருக்கை, பின்பக்கம் பார்க்கக் கேமரா என்று அவர்களின் பட்டியல் நீளம். அங்கே ஒருவர் பெரிய பண்ணையில் தனியாக நிற்கிறார். அவருக்குத் தூக்கி இல்லாமல் வழியில்லை. இங்கே கழனி சிறியது, ஆள் பக்கத்தில் உண்டு. அதற்காக மூட்டையைப் போலத் தூக்கி உட்கார வைப்பது தீர்வாகிவிடாது. தூக்குகிறவருக்கு நேரம் இருக்கும்போதுதான் இவருக்கு வேலை என்றாகும். இழுத்துத் தூக்கும்போது தோல் உராய்ந்து புண் வரும். வளர்ந்த மனிதருக்கு அது தினமும் ஒரு அவமானம்.

எனக்குச் சரியாகப் படுவது செங்கல் மேடை. வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும் கொட்டகையில், சக்கர நாற்காலியின் இருக்கை டிராக்டர் இருக்கையின் மட்டத்துக்கு வரும்படி ஒரு மேடை கட்டி, சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை வைத்தால் போதும். அரை மீட்டர் ஏற ஆறு மீட்டர் நீளச் சாய்வு வேண்டும் என்பது கட்டட விதி. நேராக இடம் இல்லாவிட்டால் நடுவில் மடக்கிக் கட்டலாம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வழவழப்பான பலகை ஒன்று. மேஸ்திரியும் தச்சரும் செய்யும் வேலை, எந்த இறக்குமதியும் வேண்டாம். இதில் ஒரு குறை உண்டு: கழனி நடுவில் வண்டி நின்றுபோனால் அவரால் இறங்க முடியாது. கைபேசியும், கூப்பிடும் தொலைவில் ஒருவரும், தலைக்கு மேல் நிழலும், கையெட்டும் இடத்தில் தண்ணீரும் அவர் விஷயத்தில் கட்டாயம்.

கால் செய்யும் வேலையைக் கைக்கு மாற்றுவது பலர் நினைப்பதைவிட எளிது, ஏனென்றால் டிராக்டர் ஏற்கெனவே பாதி கைவண்டி. ஆக்சிலேட்டருக்குக் கை லிவர் உண்டு. கியர், ஹைட்ராலிக் எல்லாம் கை. மிஞ்சுவது கிளச்சும் பிரேக்கும். கிளச் மிதியோடு ஒரு தண்டை இணைத்து இடது கைக்குக் கொண்டுவந்தால் இடது கால் இல்லாதவர் ஓட்டலாம். கவனிக்க வேண்டியது, நம் வண்டிகள் பலவற்றில் இரட்டைக் கிளச். பாதி அழுத்தினால் வண்டி நிற்கும், பின்னால் சுழலும் ரொட்டவேட்டர் நிற்காது. முழுக்க அழுத்தினால்தான் இரண்டும் நிற்கும். கைத்தண்டு போடுகிற பட்டறைக்காரர் இந்த இரண்டு படிகளையும் கையில் உணரும்படி செய்யாவிட்டால் ஆபத்து. ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்குத் தனிக் கை லிவர் உள்ள மாடலை வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும். பவர் ஸ்டியரிங்கும், ஸ்டியரிங்கில் ஒற்றைக் கையால் பிடித்துச் சுற்றும் குமிழும் இருந்தால் ஒரு கை மற்ற வேலைக்கு விடுபடும்.

கார் பட்டறைகளில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஜெய்ப்பூர் மெக்கானிக் முஜீப் கான் காலில்லாதவர்களுக்குக் கார்களை மாற்றியமைத்து நாடறிந்தவர் ஆனார். தமிழ்நாட்டில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே அப்படி ஒரு வண்டி கண்ணில் படும். அந்த ஸ்கூட்டர் எத்தனை பேரைத் திண்ணையிலிருந்து எழுப்பிக் கடைக்கும் வேலைக்கும் அனுப்பியிருக்கிறது என்பது ஊர் அறிந்த செய்தி. அதே கை டிராக்டரை நோக்கி இன்னும் நீளவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உடலைப் பிடித்துக்கொள்ள முடியாதவருக்கு இடுப்புப் பட்டையும் நெஞ்சுப் பட்டையும் தேவை. ஆனால் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளையம் இல்லாத டிராக்டரில் பட்டை கட்டுவது கொலைக்குச் சமம். வண்டி கவிழும்போது கட்டுண்டவர் அடியிலேயே போவார். நம் பக்கம் ஓடும் வண்டிகள் பலவற்றில் வெயிலுக்குத் தகரக் கூரைதான் இருக்கிறது, வளையம் இல்லை. முதலில் வளையம், பிறகு பட்டை. இந்த வரிசையை எந்தப் பட்டறையும் மாற்றக் கூடாது.

டிராக்டரை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு தவறு. நெல் அறுக்க வரும் பெல்ட் வண்டிகளில் பலவற்றை ஹைட்ராலிக் முறையில் ஒரு கை லிவரால் வேகம் கூட்டிக் குறைத்து, இன்னொரு கை லிவரால் திருப்பலாம். கால் வேலை மிகக் குறைவு. கால் பாதிக்கப்பட்டவருக்கு டிராக்டரைவிட அது இணக்கமான எந்திரம். ஏறுவதுதான் சிரமம், ஆனால் காலையில் ஏறினால் பொழுதுக்கும் அதில்தான். பவர் டில்லரும் அப்படியே: கிளச் கையில், திருப்பும் பிடிகள் கையில். அதன் பின்னால் சேற்றில் நடப்பதுதான் செயற்கைக் காலுக்கு ஆகாதது. இருக்கை இணைத்தால் நடை போய்விடும். ஆனால் அந்த இருக்கை இரும்புத் தகட்டில் செய்த, சைக்கிள் சீட்டைவிடச் சற்றே பெரிய ஒன்று. அதில் முதுகுச் சாய்வு கிடையாது. இலங்கையின் வன்னியில் லேண்ட்மாஸ்டர் என்று அழைக்கப்படும் இருசக்கர உழவு எந்திரம் வீட்டுக்கு வீடு உண்டு. போரில் காலிழந்தவர்கள் அந்த மண்ணில் ஏராளம். 1987-ல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் அவர்களில் பலருக்குக் கால் செய்து கொடுத்தது. கால் கிடைத்த பிறகு அடுத்த தேவை உட்கார்ந்து உழ ஒரு நல்ல இருக்கை என்பதை அங்கேயும் இங்கேயும் சேர்த்தே யோசிக்கலாம். எந்திரம் ஒன்று, மொழி ஒன்று.

புதிய வண்டிகள் நம்பிக்கை தருகின்றன. துர்காப்பூரில் உள்ள மத்திய எந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் 'பிரைமா இ.டி.11' என்ற சிறிய மின் டிராக்டரை வெளிக்கொணர்ந்தது. பெண்கள் ஓட்ட ஏதுவாக லிவர்களையும் சுவிட்சுகளையும் கையெட்டும் இடத்தில் வைத்து வடிவமைத்ததாக அறிவித்தார்கள். மின்மோட்டார் டீசல் எஞ்சினைவிட அதிர்வும் சூடும் குறைந்தது. பெண்ணின் கையளவை நினைத்துச் செய்ய முடிந்தவர்களால் கால் இயங்காதவரை நினைத்தும் செய்ய முடியும்.

யாரை நினைத்து அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல மாநிலங்களில் வேளாண் தொழிலாளர்களின் உடலை 79 அளவுகளில் அளந்து 2009-ல் தொகுப்பாக வெளியிட்டது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்த அகில இந்திய ஆய்வுத் திட்டத்தில் ஒரு மையம். மேல்நாட்டு உடலுக்குச் செய்த இருக்கையில் நம் உழவர் உட்கார்ந்திருந்த காலத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். டிராக்டர் இருக்கைக்கென்றே ஐ.எஸ். 12343 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. இவை எல்லாம் இரண்டு கால், இரண்டு கை, நேரான முதுகு உள்ளவரின் இருக்கை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அவர்களில் 1.86 கோடிப் பேர் கிராமத்தில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 11.8 லட்சம். இவர்களில் உழுது பிழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்களின் உட்காரும் அளவை எடுக்க ஒரு நாடாவும் ஒரு தாளும் போதும்.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவில் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. வேளாண் நில ஒதுக்கீட்டிலும் அதே 5 சதவீதம். 43-ஆம் பிரிவு எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்புள்ள பொருள்களை உருவாக்கவும் வழங்கவும் அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் விருப்பப்பட்டால் செய்யும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மறுபக்கம் வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண்கள், சிறு குறு விவசாயிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குக் கூடுதல் மானியம் உண்டு. மாற்றுத்திறனாளி என்ற வரி அந்தப் பட்டியலில் தனியாகச் சேர வேண்டும். மானியம் வண்டிக்கு மட்டும் கொடுத்தால் போதாது, மாற்றியமைக்கும் செலவுக்கும் கொடுக்க வேண்டும்.

சாலைச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது, உடற்குறை உள்ளவராலோ அவருக்காகவோ மட்டுமே பயன்படுத்தப்படும் வண்டி என்றது. ஸ்கூட்டருக்கு இது பொருந்தும். கிராமத்து டிராக்டரோ ஒருவருக்கு மட்டுமே சொந்தமாக ஓடுவதில்லை. காலையில் அண்ணன், மாலையில் கூலி ஓட்டுநர், கரும்பு வெட்டு நாளில் முண்டியம்பாக்கம் ஆலைக்கு வேறொருவர். டி.என். 16 திண்டிவனமோ டி.என். 32 விழுப்புரமோ, பதிவுப் புத்தகத்தில் ஒற்றை ஆளுக்கான வண்டி என்று எழுதிவிட்டால் குடும்பத்தின் வருமானம் சுருங்கும். ஆகவே கைக் கிளச் போட்டாலும் கால் கிளச்சை எடுக்காமல் இருவரும் ஓட்டும்படி செய்வதும், அதைப் பதிவு அலுவலகம் ஏற்பதும் வேண்டும். திருத்த வேண்டியது அந்த ஒரு சொற்றொடரைத்தான்.

அறிவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், 1966-ல் வேலூரில் உருவாக்கிய மறுவாழ்வு நிறுவனம் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். திருவண்ணாமலையில் பிரீத்தி சீனிவாசனின் 'சோல்ஃப்ரீ' அமைப்பு முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்காகவே இயங்குகிறது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் ஜிப்மர் மருத்துவமனை. சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீனிவாசன் வழிநடத்தும் மையம் எழுந்து நிற்கும் சக்கர நாற்காலியை 2019-ல் கொடுத்தது. ஒவ்வொருவர் உடலுக்கும் அளவெடுத்துப் பொருத்தும் நாற்காலியும் அங்கிருந்து வந்தது. திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம். கலப்பையும் டிரெய்லரும் செய்து பழகிய வெல்டிங் பட்டறைகள் ஒவ்வொரு சந்தை ஊரிலும். அளவெடுக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்டும், இரும்பை வளைக்கத் தெரிந்த பட்டறைக்காரரும், ஓட்டப்போகும் உழவரும் ஒரே வண்டியைச் சுற்றி ஒரு காலைப்பொழுது நிற்பதற்கு ஓர் இடம் மட்டும் இல்லை.

இதெல்லாம் ஆபத்து, வீட்டில் வைத்துச் சோறு போட்டுவிடலாமே என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. டிராக்டர் எல்லோருக்கும் ஆபத்தான எந்திரம்தான். ஒற்றைக் காலோடு துருப்பிடித்த இருக்கையில் தொற்றிக்கொண்டு, கிளச்சைக் கைத்தடியால் குத்தி ஓட்டுவது அதைவிட ஆபத்து. வேறு வழி இல்லாதவர் அதைத்தான் செய்வார்.

வேளாண்மைப் பொறியியல் துறை 'இ-வாடகை' செயலி வழியாக டிராக்டரையும் அறுவடை எந்திரத்தையும் வாடகைக்கு விடுகிறது. விழுப்புரத்துக்கு ஒன்று, திண்டிவனத்துக்கு ஒன்று என அந்த வாடகை வண்டிகளில் இரண்டை எடுத்து, கவிழ்வளையம், பக்கத்து அணையுள்ள இருக்கை, கைப்பிடி, இரட்டைப் படி உள்ள கைக் கிளச், ஸ்டியரிங் குமிழ் ஆகியவற்றைப் பொருத்தி, அலுவலக வளாகத்தில் ஏறு மேடையும் கட்டி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ஸ்கூட்டருக்கு விண்ணப்பம் வாங்கும் அதே படிவத்தில் "விவசாய எந்திரம் ஓட்ட விருப்பமா?" என்று ஒரு வரி சேர்க்கட்டும். யார் வருகிறார்கள், எந்த இருக்கை யாருக்குச் சரியாக வந்தது என்று முதல் போகம் முடியும்போது எழுதி வைத்தால் தமிழ்நாடு முழுவதற்கும் அதுவே முதல் அளவுப் புத்தகமாகும். மாவட்ட ஆட்சியர் மாதம் ஒரு முறை நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுந்து வைக்க உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள்.